மலையை வெட்டியவனிடம் அட்வான்ஸ் வாங்கிய கதை

போன மாதம் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். வீட்டு ஓனர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஹால் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள், சமையலறையில் எண்ணெய்க் கறை, பாத்ரூமில் உடைந்த குழாய்... எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக் கூட்டினார். 30,000 ரூபாய் அட்வான்ஸில் 11,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தார். ஒரு வாரம் அவரைத் திட்டித் தீர்த்தோம்.

அப்புறம் ஆற அமர யோசித்துப் பார்த்தேன். அந்த அட்வான்ஸ் பணம் அவரிடம் இல்லாமல் எங்களிடமே இருந்திருந்தால் நாங்கள் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருப்போமா? சத்தியமாக மாட்டோம். சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியிருப்போம் :-)

அதே வாரம்தான் கணக்குப் பதிவியல் அசைன்மென்ட்டுக்காக 'ஒதுக்கீடுகள்' பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் சுரங்கக் கம்பெனிதான் உதாரணம். நிலக்கரியைத் தோண்டி முடித்த பிறகு நிலத்தைப் பழையபடி சரி செய்ய ஆகும் செலவை, தோண்டும்போதே கணக்கில் எழுத வேண்டுமாம். சரி, கணக்கில் எழுதுகிறார்கள். கம்பெனியே மூழ்கிவிட்டால் அந்தச் செலவை யார் செய்வது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் அமெரிக்காவில் 1977-ல் வந்த ஒரு சட்டத்தில் போய் நின்றேன். ஒரு அரசாங்கம் சுரங்க முதலாளிகளிடம் அட்வான்ஸ் வாங்கப் பட்ட பாடு அது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் அப்பலாச்சியன் மலைத்தொடர் இருக்கிறது. பென்சில்வேனியா, மேற்கு வெர்ஜீனியா, கென்டக்கி போன்ற மாநிலங்கள் வழியாகப் போகும் பழைய மலைகள். உள்ளே அடுக்கடுக்காக நிலக்கரி. ஆரம்பத்தில் மலையைக் குடைந்து உள்ளே போய் எடுத்தார்கள். பெரிய பெரிய இயந்திரங்கள் வந்த பிறகு முறை மாறியது. மேலே இருக்கும் காட்டையும் மண்ணையும் பாறையையும் வழித்துத் தள்ளிவிட்டு, கரியை நேராக அள்ளிக்கொண்டு போவது. இதுதான் திறந்தவெளிச் சுரங்கம். ஆட்கள் குறைவு, செலவு குறைவு, வேகம் அதிகம். வழித்த மண்ணையும் பாறையையும் சரிவில் அப்படியே தள்ளிவிடுவார்கள். மழை வந்தால் அது கீழே இருக்கும் வீட்டுக்கும் ஓடைக்கும் வரும். கரியோடு இருந்த கந்தகத் தாதுக்கள் காற்றும் தண்ணீரும் பட்டு அமிலத்தை உண்டாக்க, ஓடைத் தண்ணீர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி மீன்கள் செத்துப்போகும்.

'அந்த ஊர்க்காரர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?' என்று கேட்கலாம். சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்களுடைய தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று குறுக்கே நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கம்பெனி ஏஜெண்டுகள் கென்டக்கி மலை கிராமங்களுக்கு வந்து, பூமிக்கு அடியில் இருப்பதை எடுக்கும் உரிமையை மட்டும் அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். மேல் நிலம் விவசாயிக்கு, கீழே இருப்பது கம்பெனிக்கு. எழுதிக் கொடுத்தவர்கள் குடைந்து எடுக்கும் சுரங்கத்தைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். பிறகு புல்டோசர் வந்தபோது, கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதைப் பிரித்துப் போடவும் அந்தப் பத்திரமே உரிமை தருகிறது என்று மாநில நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

1965 நவம்பரில் கென்டக்கியின் நாட் கவுண்டியில் ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை, தன் வீட்டுக்கு மேலே மலையை வழிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்கர்கள் குடும்பத்தோடு விருந்து சாப்பிடும் நன்றி நவிலல் நாளன்று அந்த அம்மா ஜெயிலில் சாப்பிட்டார். அவரைத் தூக்கிப் போகும் புகைப்படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த வருஷமே, 1966-ல், கென்டக்கி தன் சட்டத்தை இறுக்கியது. ஆனால் அந்தப் பத்திரப் பிரச்சினை தீர 1988-ல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

மாநிலங்கள் அதுவரை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1939-லேயே மேற்கு வெர்ஜீனியா திறந்தவெளிச் சுரங்கத்துக்குச் சட்டம் போட்டது. 1940-களில் இண்டியானா, இல்லினாய், பென்சில்வேனியா எல்லாம் போட்டன. ஆனால் நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஏன்? இங்கேதான் நம் பாடம் வருகிறது :-)

ஒரு மாநிலம் 'நிலத்தைச் சரி செய்தே ஆக வேண்டும்' என்று கறாராக நின்றால் அந்த மாநிலக் கரியின் அடக்க விலை ஏறும். பக்கத்து மாநிலம் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்தக் கரி மலிவு. வாங்குகிற மின்சாரக் கம்பெனி மலிவான இடத்துக்குப் போய்விடும். கறாராக நின்ற மாநிலத்துக்கு வேலையும் போச்சு, வரியும் போச்சு. அதனால் எல்லா மாநிலமும் 'நீ முதலில் கறாராக இரு, அப்புறம் நான் இருக்கிறேன்' என்று காத்திருந்தன. நம் தெருவில் ஒரு ஓனர் மட்டும் அட்வான்ஸ் கேட்டு மற்றவர்கள் கேட்காமல் இருந்தால் அவர் வீடு காலியாகத்தான் கிடக்கும், இல்லையா? எல்லோருக்கும் ஒரே விதியை மேலே இருந்து ஒருவர் போட்டால்தான் உண்டு.

அந்த விதி வருவதற்குள் ஒரு பெரிய விபத்து நடந்தது. நிலக்கரியைக் கழுவிய பிறகு வரும் கறுப்புச் சகதியைத் தேக்கிவைக்க, சுரங்கக் கழிவையே குவித்து ஓடையின் குறுக்கே அணை போல் கட்டுவது வழக்கம். மேற்கு வெர்ஜீனியாவின் லோகன் கவுண்டியில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில் பிட்ஸ்டன் கம்பெனியின் துணை நிறுவனம் அப்படிக் கட்டியிருந்தது. 1972 பிப்ரவரி 26, சனிக்கிழமை காலை, மழைக்குப் பிறகு அது உடைந்தது. சுமார் 50 கோடி லிட்டர் கறுப்புத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. வரிசையாக இருந்த சிற்றூர்களில் சுமார் 5,000 பேர் வாழ்ந்தார்கள். 125 பேர் செத்துப்போனார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயம். 4,000 பேருக்கு வீடு இல்லாமல் போனது. இத்தனைக்கும் நாலு நாள் முன்புதான் மத்திய அரசின் ஆய்வாளர் ஒருவர் பார்த்துவிட்டு நிலைமை திருப்தி என்று சொல்லியிருந்தார்.

கம்பெனி சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? 'கடவுளின் செயல்'. கரிச்சகதியில் கடவுள் அணை கட்டியதை யாரும் பார்க்கவில்லை.

சேதத்துக்காக மாநில அரசு 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1977 ஜனவரியில், பதவி முடிய சில நாட்களே இருந்தபோது, கவர்னர் ஆர்ச் மூர் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார். நூற்றுக்கு ஒன்று! காசு கம்பெனியின் கையில் இருக்கும்போது பின்னால் போய்க் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

வாஷிங்டனில் என்ன நடந்தது? மேற்கு வெர்ஜீனியாவின் கென் ஹெக்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் 1971-லேயே திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்று மோரிஸ் யூடால் போன்றவர்கள் எடுத்துச் சென்ற மசோதா இரண்டு அவைகளையும் தாண்டியது. அதிபர் ஃபோர்டு 1974 டிசம்பரில் கையெழுத்துப் போட மறுத்தார். 1975 மே மாதம் மறுபடியும் மறுத்தார். எண்ணெய் நெருக்கடி நேரம் அது. கரி உற்பத்தி குறையும், வேலை போகும், மின் கட்டணம் ஏறும் என்பது அவர் வாதம். மறுப்பை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 278-க்கு 143. மூன்றே ஓட்டில் தோற்றது.

கடைசியில் 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். தனக்கு முழுத் திருப்தி இல்லை, இன்னும் கடுமையான சட்டமாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்கே சொன்னார்.

சட்டத்தில் என்ன இருந்தது? எனக்குப் புரிந்தவரை மூன்று பணப்பைகள்.

முதல் பை, அட்வான்ஸ். சுரங்கத்துக்கு அனுமதி வாங்கும்போதே கம்பெனி ஒரு பிணைத்தொகை கட்ட வேண்டும். கம்பெனி ஓடிப்போய், அரசே ஆள் வைத்து நிலத்தைச் சரி செய்ய நேர்ந்தால் எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பப் போட வேண்டும். நிலத்தைக் கிட்டத்தட்டப் பழைய மேடு பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். செடி கொடி வளர்க்க வேண்டும். குழியை மூடிச் சமன் செய்த பிறகு பிணையில் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். பயிர் பிடித்த பிறகு இன்னும் கொஞ்சம். கடைசிப் பங்கு வர ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், மழை குறைவான பகுதி என்றால் பத்து வருஷம். எங்கள் ஓனர் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்.

இரண்டாவது பை, ஆய்வாளர்களின் சம்பளம். சட்டம் எழுதிவிட்டால் போதுமா? யார் போய்ப் பார்ப்பது? மாதம் ஒரு முறை ஆய்வு, காலாண்டுக்கு ஒரு முறை முழு ஆய்வு என்று சட்டம் சொல்கிறது. இந்த வேலையை மாநிலங்களே செய்யலாம், தரம் மட்டும் மத்தியச் சட்டத்துக்குக் குறையக் கூடாது. அப்படிச் செய்யும் மாநிலத்துக்கு முதல் வருஷம் செலவில் 80 சதவீதம், இரண்டாம் வருஷம் 60, அதற்குப் பிறகு 50 சதவீதம் வரை மத்திய அரசு மானியம் கொடுக்கும். மாநிலம் செய்யவில்லை என்றால் மத்திய அலுவலகமே நேரடியாக இறங்கும். டென்னசி மாநிலம் 1984-ல் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தது, அங்கே மத்திய அரசுதான் பார்க்க வேண்டியதாயிற்று. யாரும் கவனிக்காத இந்த மானியம்தான் சட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். ஆய்வாளருக்குச் சம்பளம் இல்லை என்றால் எவ்வளவு நல்ல சட்டமும் அலமாரியில்தான் இருக்கும்.

மூன்றாவது பை, பழைய கடன். 1977-க்கு முன்னால் தோண்டிப் போட்டுவிட்டுப் போன இடங்களுக்கு யாரிடம் அட்வான்ஸ் கேட்பது? பல கம்பெனிகள் காணாமலே போய்விட்டன. அதனால் இனிமேல் தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் போட்டார்கள். திறந்தவெளிக் கரிக்கு டன்னுக்கு 35 சென்ட், நிலத்தடிக் கரிக்கு 15 சென்ட், பழுப்பு நிலக்கரிக்கு 10 சென்ட். தாத்தா வைத்த கடனைப் பேரனிடம் வசூலிப்பது போல.

படிக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! இனி ஓட்டைகளைப் பார்ப்போம்.

இரண்டு ஏக்கருக்குள் இருக்கும் சின்னச் சுரங்கங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். சிறு தொழில் செய்பவர் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம். சிலர் என்ன செய்தார்கள்? பெரிய சுரங்கத்தை இரண்டு இரண்டு ஏக்கராகப் பிரித்து, முத்து மாலை கோத்த மாதிரி வரிசையாக விண்ணப்பம் போட்டார்கள். டெண்டர் விதிக்கு மாட்டாமல் இருக்க ஒரு பில்லைப் பத்து பில்லாக உடைப்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போல. 1987-ல்தான் அந்த விலக்கை எடுத்தார்கள்.

கம்பெனிகள் கோர்ட்டுக்கும் போயின. 1981-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு விதியைத் தளர்த்தாமல் இருக்க மத்திய அரசு பொதுத் தரம் வகுக்கலாம் என்பது தீர்ப்பின் முக்கியமான பகுதி. அதே வருஷம் ரீகன் ஆட்சி வந்து சுரங்க அலுவலகத்தின் ஆட்களையும் கிளைகளையும் குறைத்தது. சட்டம் ஜெயித்தது, ஆனால் போய்ப் பார்க்க ஆள் குறைந்தது.

மலை உச்சியையே வெட்டி எடுக்கும் முறைக்கும் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. சமதளமான நிலத்தைத் தொழிலுக்கோ குடியிருப்புக்கோ பயன்படுத்துவதாக இருந்தால் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அப்பலாச்சியாவில் பல உச்சிகள் அப்படித்தான் போயின. சரி செய்த இடங்களிலும் இன்னொரு வேடிக்கை. மண் சரியாமல் இருக்க வேண்டும் என்று கனரக வண்டிகளை ஓட்டி இறுக்கிப் புல் விதைத்தார்கள். பச்சையாக இருந்தது, பிணையும் திரும்பி வந்தது. ஆனால் மரங்களின் வேர் இறங்கவில்லை. காடு இருந்த இடம் புல்வெளியாக நின்றது. மண்ணை இறுக்காமல் விட்டு மரம் நடும் முயற்சியை மத்திய அலுவலகமும் மாநிலங்களும் சேர்ந்து 2004-ல்தான் ஆரம்பித்தன.

மூன்றாவது பையின் கதை இன்னும் சோகம். டன் கணக்கில் வசூலான பணம் தனி நிதியில் சேர்ந்தது. ஆனால் அதைச் செலவு செய்ய ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ் ஒதுக்க வேண்டும். வசூல் ஆனதைவிடக் குறைவாகவே ஒதுக்கினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவாகாமல் ஏட்டில் நின்றது. அதே நேரத்தில் பென்சில்வேனியாவில் ஓடைகள் ஆரஞ்சு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாநிலங்களுக்குள் சண்டை வேறு. கரி உற்பத்தி மேற்கே வயோமிங்குக்கு நகர்ந்துவிட்டதால் கட்டணம் அதிகம் வருவது அங்கிருந்து. பழைய புண்களோ கிழக்கே. வசூலில் பாதி அந்தந்த மாநிலத்துக்கே என்று சட்டம் சொன்னதால், பழைய வேலையை 1980-களிலேயே முடித்துவிட்ட வயோமிங்குக்கும் பங்கு போனது. 2006-ல் ஒரு திருத்தம் வந்து, மாநிலங்களுக்குப் பணம் தானாகப் போக வழி செய்தது. கட்டணத்தையும் படிப்படியாகக் குறைத்தது. 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் கட்டணத்தை மேலும் குறைத்து 2034 வரை நீட்டித்தது. கூடவே, பழைய சுரங்க நிலங்களைச் சரி செய்ய 15 வருஷத்தில் சுமார் 1,130 கோடி டாலர் என்று பொதுக் கருவூலத்திலிருந்து ஒதுக்கியது. 15 வருஷம் மட்டும் என்று 1977-ல் ஆரம்பித்த கட்டணம் இத்தனை நீட்டிப்புகளைப் பார்த்தும், வரி கட்டும் பொதுமக்கள்தான் பெரும் பங்கைக் கொடுக்க வேண்டி வந்தது.

கடைசியாக முதல் பைக்கு வருகிறேன். சட்டத்தின் மிகச் சிறந்த யோசனை அட்வான்ஸ் என்றேன் அல்லவா? அதற்குள்ளேயே ஒரு பின்வாசல் இருந்தது. பெயர் 'சொந்த ஜாமீன்'. நிதி நிலை நன்றாக இருக்கும் கம்பெனி பணமோ வங்கி உத்தரவாதமோ தர வேண்டாம், 'நாங்களே பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தால் போதும். மாநிலம் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தகுதியைப் பார்க்க நாம் பரீட்சைக்குப் போடும் அதே விகிதங்கள்தான். மொத்தக் கடன் நிகர மதிப்பைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது, நடப்புச் சொத்து நடப்புக் கடனைப் போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும். தாய் நிறுவனம் கடனில் தத்தளிக்கும்போது, சில கம்பெனிகள் துணை நிறுவனத்தின் அழகான பாலன்ஸ் ஷீட்டைக் காட்டிப் பாஸ் செய்தன.

இயற்கை எரிவாயு மலிவானதும் கரி விலை விழுந்தது. 2015 ஆகஸ்டில் ஆல்ஃபா, 2016 ஜனவரியில் ஆர்ச், ஏப்ரலில் பீபாடி. அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரிக் கம்பெனிகள் வரிசையாகத் திவால் மனு போட்டன. வயோமிங்கில் ஆல்ஃபாவின் சொந்த ஜாமீன் மட்டும் சுமார் 41 கோடி டாலர். திவால் வழக்கு நடக்கும்போது அதில் 6.1 கோடி டாலருக்கு மட்டுமே முன்னுரிமை உண்டு என்று மாநிலம் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மீதி வெறும் நம்பிக்கை. திவாலிலிருந்து மீண்டு வந்தபோது ஆர்ச்சும் பீபாடியும் சொந்த ஜாமீனை மாற்றி வெளி ஜாமீன் கொடுத்தன, அதுவரை அதிகாரிகளுக்குத் தூக்கம் வந்திருக்காது. வயோமிங் 2019-ல் விதியை இறுக்கியது.

அதே 2019-ல், ஆல்ஃபாவிடமிருந்து கைமாறி வந்த வயோமிங் சுரங்கங்களையும் கிழக்கே பல சுரங்கங்களையும் நடத்திய பிளாக்ஜுவல் கம்பெனி திடீரென்று திவாலானது. கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் தொழிலாளர்களின் சம்பளச் செக் பவுன்ஸ் ஆனது. அவர்கள் ரயில் பாதையில் போய் உட்கார்ந்து கரி ரயிலை மறித்தார்கள். 1965-ல் அந்த அம்மா உட்கார்ந்ததும் அதே கென்டக்கி மலைகளில்தான். அவர் நிலத்துக்காக உட்கார்ந்தார், இவர்கள் சம்பளத்துக்காக. கணக்கைத் தீர்க்காமல் போன கம்பெனிக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இதெல்லாம் படித்த பிறகு 1977 சட்டம் தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்னால் தோண்டிய பல இடங்களுக்குப் போதுமான பணத்தை யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை, அதற்குப் பின்னால் பெரும்பாலான இடங்களுக்கு ஏதோ ஒரு பிணை இருந்தது. சட்டம் உண்மையான பணத்தை முன்கூட்டியே கையில் வாங்கிய இடத்தில் வேலை நடந்தது. வாக்குறுதியை வாங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டது. ஆய்வாளருக்குப் பணம் கொடுத்தபோது விதி மலைக்கு ஏறிப் போனது, கொடுக்காதபோது ஆபீசிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் 'ஒதுக்கீடு' என்பது பொறுப்புகள் பக்கத்தில் ஒரு வரி. அந்த வரிக்கு எதிரே பணம் எங்கே, யார் கையில் இருக்கிறது என்று புத்தகம் கேட்பதில்லை. இனிமேல் ஒவ்வொரு பாலன்ஸ் ஷீட்டிலும் நான் அதைத்தான் முதலில் தேடப்போகிறேன்.

அந்த 11,500 ரூபாய்? இன்னமும் கொஞ்சம் அதிகம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அட்வான்ஸ் வாங்கியது தப்பு என்று இனி சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அடுத்த பதிவில் சந்திப்போம்.